எடுத்துக்காட்டு மறைக்கும் பிழை: பைத்தான் பயிற்சிநூலின் குறிப்புரைகளும் அவற்றின் திருத்தங்களும்

ஆய்வுச் சுருக்கம்

நிரல்மொழிப் பயிற்சிநூல்களில் நிரல்வரியை அடுத்து எழுதப்படும் குறிப்புரை கணினியால் செயற்படுத்தப்படாத பகுதியாகும். அதில் நேரும் பிழை நிரலின் ஓட்டத்தைத் தடுப்பதில்லை. கற்பவரின் புரிதலையே திரிக்கிறது. பைத்தான் மொழியின் அதிகாரப்பூர்வப் பயிற்சிநூலில் வகுத்தல், ஃபிபனாச்சி எண்கள், சரத்தின் உறுப்புகள் ஆகிய மூன்று இடங்களில் அமைந்த குறிப்புரைகளையும், அவற்றுள் செய்யப்பட்ட திருத்தங்களையும் இக்கட்டுரை நன்னூல் கூறும் நூற்குற்றம், நூலழகு ஆகியவற்றின் துணைகொண்டு மதிப்பிடுகிறது. மூன்று இடங்களிலும் குறிப்புரையின் குறையை அதனை அடுத்துள்ள எடுத்துக்காட்டே மறைக்கிறது என்பதும், எனவே எடுத்துக்காட்டைச் சோதிக்காமல் சொல்லை மட்டும் மாற்றும் திருத்தம் முழுமை பெறாது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: குறிப்புரை, பயிற்சிநூல், பைத்தான், நன்னூல், உரைநெறி, எடுத்துக்காட்டு, பிழைதிருத்தம், எழுத்து, ஒருங்குறி.

முன்னுரை

நிரலாளர் வழக்கில் ‘கமெண்ட்’ எனப்படும் குறிப்புரை, நிரலுக்குள்ளேயே மனிதருக்காக எழுதப்படும் பகுதியாகும். பைத்தான் மொழியில் ‘#’ என்னும் குறிக்குப் பின் வரியின் இறுதிவரை எழுதப்படுவனவற்றைக் கணினி பொருட்படுத்துவதில்லை. இதனாலேயே குறிப்புரைப் பிழைகளைச் சிறு பிழைகள் என ஒதுக்கும் மனப்பாங்கு நிலவுகிறது. நிரல் சரியாக ஓடுகிறது. விடை சரியாக வருகிறது. அருகிலுள்ள ஒரு சொல் பிறழ்ந்திருப்பதால் என்ன கேடு என்னும் வினா எழுவது இயல்பே.

இவ்வினா தொழில்முறை நிரலுக்கு ஓரளவு பொருந்தலாம். பயிற்சிநூலுக்குப் பொருந்தாது. தொழில்முறை நிரலைப் படிப்பவர் மொழியை முன்பே அறிந்தவர். குறிப்புரை பிறழ்ந்தால் நிரலைக் கொண்டு அதனைத் திருத்திக்கொள்வார். பயிற்சிநூலைப் படிப்பவரோ நிரல்வரியின் பொருளையே குறிப்புரை வழியாக அறிய முயல்பவர். அவருக்கு மூலம் புரியாது, உரையே துணை. துணையாக நிற்பது வழுவினால் அதனைக் கண்டறியும் ஆற்றல் அவரிடம் இல்லை.

மூலத்திற்கும் உரைக்குமுள்ள இவ்வுறவு தமிழ் இலக்கண மரபிற்குப் புதியதன்று. நூற்பாவை உரைவழியே கற்பதும், உரை பிறழ்ந்த இடத்தைப் பின்வந்த உரையாசிரியர் மறுப்பதும் நெடுங்காலமாக நிகழ்ந்துவருவன. ஆகவே நிரற் குறிப்புரைகளின் பிழையை உரைநெறி கொண்டு அணுகுவதற்கு இடமுண்டு.

ஆய்வு எல்லையும் அளவுகோலும்

கைடோ வான் ரோசம் உருவாக்கிய பைத்தான் மொழியின் முதல் வெளியீடு 1991 இல் வந்தது. அவர் எழுதிய பயிற்சிநூல் 1995 இல் ஆம்ஸ்டர்டாமிலுள்ள கணித, கணினியியல் ஆய்வு மையத்தின் அறிக்கையாக வெளியிடப்பட்டது. மொழி மாறுந்தோறும் அந்நூலும் பலரால் திருத்தப்பட்டு இன்றுவரை மொழியுடன் சேர்த்தே வெளியிடப்பட்டு வருகிறது. எண்கள், சரங்கள், செயற்கூறுகள் ஆகியவற்றை அறிமுகப்படுத்தும் தொடக்கப் பகுதிகளின் குறிப்புரைகள் மட்டுமே இங்கு ஆய்வுக்குக் கொள்ளப்படுகின்றன. குறிப்புரைகளின் ஆங்கில வாசகம் மேற்கோளாகத் தரப்படாமல் அவற்றின் கருத்து தமிழில் எடுத்துரைக்கப்படுகிறது.

பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்துள் நூலுக்குரிய பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் தொகுத்துள்ளார். அவற்றுள் குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், வழூஉச்சொற் புணர்த்தல், மயங்க வைத்தல் ஆகிய ஐந்து குற்றங்களும், சுருங்கச் சொல்லல், விளங்க வைத்தல், விளங்குதாரணத்ததாதல் ஆகிய மூன்று அழகுகளும் இவ்வாய்வுக்கு நேரே பயன்படுகின்றன. இவை நூலைக் குறித்துச் சொல்லப்பட்டவையேயன்றி நிரற் குறிப்புரையைக் குறித்தன அல்ல. எனினும் கற்பிக்கும் எழுத்து எவ்வெவ்வாறு தவறும் என்பதை வகைப்படுத்துவன ஆதலின், பிழை எனப் பொதுவாகச் சுட்டுவதைவிட நுட்பமான அளவுகோலாக அமைகின்றன.

பயிற்சிநூற் குறிப்புரையின் தனித்தன்மை

பைத்தான் மொழிக்குரிய நடை வழிகாட்டி 2001 இல் எட்டாம் முன்மொழிவாக எழுதப்பட்டது. நிரலோடு முரண்படும் குறிப்புரை, குறிப்புரையே இல்லாமையினும் தீது என்பது அதன் நிலைப்பாடு. நிரலே வெளிப்படையாகக் காட்டுவதைக் குறிப்புரை மீண்டும் சொல்லுதல் தேவையற்றது என்றும் அது அறிவுறுத்துகிறது. நன்னூல் வழக்கில் இது ‘கூறியது கூறல்’ ஆகும்.

இவ்விரண்டாம் அறிவுரையைப் பயிற்சிநூலுக்கு அப்படியே பொருத்த இயலாது. பயிற்சிநூலில் ஃபிபனாச்சிச் செயற்கூறு வரையறுக்கப்பட்டபின், சற்றுமுன் வரையறுத்த செயற்கூறை இப்போது அழைக்கிறோம் என்னும் பொருளில் ஒரு குறிப்புரை வருகிறது. பழகிய நிரலாளருக்கு இது மிகை. வரையறுத்தல் வேறு, அழைத்தல் வேறு என்பதை முதன்முறையாக அறியும் மாணவருக்கோ அதுவே பாடத்தின் மையம். ஒரே தொடர் ஒருவருக்குக் கூறியது கூறலாகவும் மற்றவருக்கு விளங்க வைத்தலாகவும் அமைகிறது. எனவே பயிற்சிநூற் குறிப்புரையைத் திருத்துவோர் தம் அறிவை அளவாகக் கொள்ளாமல் கற்பவரின் நிலையை அளவாகக் கொள்ள வேண்டியவராவர்.

மற்றொரு வேறுபாடு இன்னும் இன்றியமையாதது. தொழில்முறை நிரலில் குறிப்புரை அந்த வரியைப் பற்றிய செய்தி. பயிற்சிநூலில் அது அந்த வரியை முன்னிட்டு மொழியைப் பற்றிச் சொல்லப்படும் விதி. 17 ஐ 3 ஆல் வகுக்கும் வரியைப் படிப்பவருக்கு 17 இலும் 3 இலும் அக்கறையில்லை; வகுத்தற்குறி எவ்வாறு செயற்படும் என்பதே அவர் அறிய விரும்புவது. எனவே தன் வரிக்கு உண்மையாக இருக்கும் குறிப்புரை விதியாகக் கொள்ளப்படும்போது பொய்யாகக்கூடும். பின்வரும் மூன்று சான்றுகளும் இந்த இடைவெளியில் தோன்றியவையே.

முதற் சான்று: வகுத்தல்

பைத்தான் 3 வரிசையின் பயிற்சிநூலில் வகுத்தலைக் கற்பிக்கும் பகுதி 17, 3 என்னும் எண்களைக் கொண்டது. முதல் வரி ‘/’ குறியால் வகுத்து 5.666666666666667 என்னும் விடையைத் தருகிறது. இரண்டாவது ‘//’ குறியால் வகுத்து 5 எனத் தருகிறது. மூன்றாவது ‘%’ குறியால் மீதியாகிய 2 ஐத் தருகிறது. நான்காவது வரியில் 5 ஐ 3 ஆல் பெருக்கி 2 ஐக் கூட்டி 17 பெறப்படுகிறது. இந்நான்கினுள் மூன்று வரிகளின் குறிப்புரைகள் ஆராயத்தக்கன.

முதல் வரியின் குறிப்புரை அவ்வகுத்தலைத் தொன்றுதொட்ட வழக்கிலுள்ள வகுத்தல் என்னும் பொருள்படும் ஆங்கில அடைமொழியால் சுட்டி, அது பதின்மப் புள்ளியுடைய எண்ணைத் தரும் என்கிறது. ஆனால் வகுத்தற்குறியின் பொருளை மாற்றுவதற்காக 2001 இல் எழுதப்பட்ட 238 ஆம் முன்மொழிவு இதே அடைமொழியை நேர்மாறான பொருளில் கலைச்சொல்லாக ஆள்கிறது. அங்கு அது பைத்தான் 2 இன் பழைய வகுத்தலைக் குறிக்கும். அவ்வகுத்தலில் முழுஎண்ணை முழுஎண்ணால் வகுத்தால் முழுஎண்ணே கிடைக்கும். புதிய வகுத்தலுக்கு அம்முன்மொழிவு மெய் வகுத்தல் எனப் பொருள்படும் வேறு பெயரைச் சூட்டியது. அன்றாடப் பேச்சில் இக்குறிப்புரைக்குக் குறையில்லை. மொழியின் சொந்த ஆவணங்களோடு ஒப்பிடும்போது ‘வழூஉச்சொற் புணர்த்தல்’ ஆகிறது. இதனைத் தமிழாக்குபவர் ‘பழைய முறை வகுத்தல்’ என எழுதினால் உண்மைக்கு முற்றிலும் மாறான செய்தி மாணவரைச் சென்றடையும்.

இரண்டாம் வரியின் குறிப்புரை, ‘//’ குறி பின்னப் பகுதியை நீக்கிவிடும் என்கிறது. 17 ஐப் பொறுத்தவரை இது உண்மை. 5.666 இல் பின்னத்தை நீக்கினால் 5 எஞ்சும். ஆனால் வகுபடும் எண் −17 ஆயின், ஈவு −5.666 ஆகும். பின்னத்தை நீக்கினால் −5 வரவேண்டும். பைத்தான் தருவதோ −6. ஏனெனில் இக்குறி பின்னத்தை நீக்குவதன்று; ஈவை அதற்குக் கீழுள்ள முழுஎண்ணுக்கு இறக்குவது. நேர் எண்களில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றும்; எதிர் எண்களில் பிரியும். விதியின் ஒரு பாதியை மட்டும் சொல்லி மறுபாதியை விட்டமையின் இது ‘குன்றக் கூறல்’.

இக்குறையின் விளைவு கணக்கேட்டளவில் நின்றுவிடுவதன்று. சி மொழியின் 1999 ஆம் ஆண்டுத் தரநிலைப்படி முழுஎண் வகுத்தல் பின்னத்தை நீக்குவதே. அதனைக் கற்றுப் பைத்தானுக்கு வரும் மாணவரின் முன்னெண்ணத்தை இக்குறிப்புரை உறுதிப்படுத்திவிடுகிறது. கடிகாரத்தில் 2 மணிக்கு 5 மணிநேரம் முன்பு என்ன நேரம் என்று அறிய, −3 ஐ 12 ஆல் வகுத்து மீதி காணும் நிரலை எண்ணிப் பார்க்கலாம். பைத்தானில் மீதி 9 எனச் சரியான நேரம் கிடைக்கும். பின்னம் நீக்கப்படும் எனக் கருதும் மாணவர் மீதி −3 வரும் என எதிர்பார்த்து, அதைச் சரிசெய்யத் தேவையற்ற நிரலை எழுதுவார். அல்லது சரியான விடையைப் பிழையென ஐயுறுவார்.

இங்குத் திறனாய்வாளர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இந்நூலின் முற்பட்ட பதிப்புகளில் இதே பகுதி வேறு எடுத்துக்காட்டுகளைக் கொண்டிருந்தது. முழுஎண் வகுத்தல் கீழ்முழுஎண்ணைத் தரும் என்னும் குறிப்புரையின்கீழ் 7 ஐ 3 ஆல் வகுத்து 2 என்றும், 7 ஐ −3 ஆல் வகுத்து −3 என்றும் இரு வரிகள் இருந்தன. பின்னத்தை நீக்குவதாயின் இரண்டாவது விடை −2 ஆகியிருக்கும். அதாவது, முற்பட்ட பதிப்பில் குறிப்புரை துல்லியமானது. அதன் துல்லியத்தை மெய்ப்பிக்கும் எதிர் எண்ணும் உடனிருந்தது. பிற்பட்ட பதிப்பு எளிமையை நாடி இரண்டையும் இழந்துள்ளது. எதிர் எண் நீங்கியபின் குறிப்புரையின் சொல் தளர்ந்ததை உணர்த்த அங்கு எதுவும் எஞ்சவில்லை. திருத்தம் எப்போதும் முன்னேற்றமே என்னும் கருத்து இவ்விடத்தில் ஏற்கத்தக்கதன்று.

நான்காம் வரியின் குறிப்புரை, விடையை வகுஎண்ணால் பெருக்கி மீதியைக் கூட்டுதல் என்னும் பொருளில் முன்பு அமைந்திருந்தது. எந்த விடை என்பதே வினா. மேலே உள்ள வரிகளில் வகுத்தலின் விடைகளாக 5.666666666666667, 5 என இரண்டு வந்துள்ளன. முதல் விடையைக் கொண்டு கணக்கிட்டால் 17 கிடைக்காது. ஏறத்தாழ 19 கிடைக்கும். இது ‘மயங்க வைத்தல்’. இன்றைய பதிப்பில் விடை என்னும் பொதுச்சொல் நீக்கப்பட்டு, கீழ்முழுஎண்ணாக்கிய ஈவு என்னும் பொருள்படும் தொடர் இடப்பட்டுள்ளது. சொல்லளவில் மிகச் சிறிய இத்திருத்தம் மயக்கத்தை முற்றாக நீக்குகிறது. எனினும் ஒரு முரண் எஞ்சுகிறது. நான்காம் வரி இப்போது கீழ்முழுஎண் என்னும் கருத்தைத் துல்லியமாக ஆள, இரண்டு வரிகளுக்கு முன்னுள்ள குறிப்புரை அக்கருத்தைப் பின்னநீக்கம் என்றே இன்னும் விளக்குகிறது. திருத்தப்பட்ட வரி திருத்தப்படாத வரியின் குறையைச் சுட்டிக்காட்டுவதாக அமைந்துவிட்டது.

இரண்டாம் சான்று: ஃபிபனாச்சி எண்கள்

செயற்கூறுகளைக் கற்பிக்கும் பகுதியில், தரப்படும் எல்லை எண்ணுக்கு உட்பட்ட ஃபிபனாச்சி எண்களை அச்சிடும் செயற்கூறு இடம்பெறுகிறது. முற்பட்ட பதிப்புகளில் அதன் குறிப்புரையும் விளக்கச்சரமும் அவ்வெல்லை ‘வரை’ எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரைக் கொண்டிருந்தன. நிரலோ எண் எல்லையைவிடச் சிறியதாக இருக்கும்வரை மட்டுமே இயங்கும். எல்லையை உள்ளடக்குமா, விலக்குமா என்னும் ஐயத்திற்கு அத்தொடர் இடந்தருகிறது. தமிழின் ‘வரை’ என்னும் சொல்லுக்கும் இந்த இரட்டைத்தன்மை உண்டு. ஐந்தாம் பாடம் வரை படித்தான் என்றால் ஐந்தாம் பாடமும் அடங்கும். மாலை வரை காத்திருந்தான் என்றால் மாலை முழுவதும் அடங்காது.

நூல் தரும் எடுத்துக்காட்டில் எல்லை 2000. அச்சாகும் கடைசி எண் 1597. அதற்கு அடுத்த ஃபிபனாச்சி எண் 2584. எல்லையை உள்ளடக்கினாலும் விலக்கினாலும் அச்சாகும் எண்கள் ஒன்றே. பிழை வெளிப்பட வேண்டுமாயின் எல்லையே ஃபிபனாச்சி எண்ணாக இருத்தல் வேண்டும். எல்லையை 5 எனத் தந்தால் 0, 1, 1, 2, 3 என்பன மட்டுமே அச்சாகும், 5 அச்சாகாது. ‘வரை’ என்பதை நம்பிய மாணவர் தம் நிரலில் தவறு தேடத் தொடங்குவார்.

இன்றைய பதிப்பில் அத்தொடர், எல்லையைவிடச் சிறியன என்னும் பொருள்படத் திருத்தப்பட்டுள்ளது. குறிப்புரையும் நிரலும் இப்போது ஒத்துப்போகின்றன. சுருக்கமும் குன்றவில்லை. மூன்று சான்றுகளினுள் நிறைவான சொல்திருத்தம் இதுவே. ஆயினும் எடுத்துக்காட்டு 2000 ஆகவே தொடர்கிறது. எல்லையை 1597 ஆக மாற்றியிருந்தால் அச்சு 987 உடன் முடிந்து, சிறியன என்னும் சொல்லின் தேவையை மாணவர் கண்முன் கண்டிருப்பார். சொல் திருந்தியது, அச்சொல்லை விளக்கும் உதாரணம் திருந்தவில்லை.

இதே செயற்கூறுக்கு முன்னர் வரும் மற்றொரு குறிப்புரை, இரண்டு உறுப்புகளின் கூட்டல் அடுத்த உறுப்பை வரையறுக்கும் என்கிறது. முந்தைய இரண்டு எனச் சொல்லாமையின் இதுவும் குன்றக் கூறலே. மேலும், இவ்வெண்களைத் தொடர் என்னும் பொருளுடைய கணிதச்சொல்லால் நூல் சுட்டுகிறது. தமிழ்நாட்டுப் பள்ளிக் கணிதப் பாடநூல்கள் வரிசையாக அமைந்த எண்களைத் ‘தொடர்வரிசை’ என்றும், அவற்றின் கூட்டலைத் ‘தொடர்’ என்றும் பிரித்து வழங்குகின்றன. ஆங்கிலத்தில் நெகிழ்ச்சியாக வழங்கும் சொல்லை நேரே பெயர்த்தால், பள்ளியில் கற்ற வேறுபாட்டைத் தமிழ் மாணவர் இழக்க நேரும்.

மூன்றாம் சான்று: சரமும் எழுத்தும்

சரங்களைக் கற்பிக்கும் பகுதி, மொழியின் பெயரையே ஆறு உரோமன் எழுத்துகள் கொண்ட சரமாக எடுத்துக்கொள்கிறது. சுட்டெண் 0 முதல் எழுத்தையும், −1 கடைசி எழுத்தையும், −2 கடைசிக்கு முந்தைய எழுத்தையும் தரும் எனக் குறிப்புரைகள் கூறுகின்றன. நிலை 0 இலிருந்து 2 வரையுள்ள பகுதியை வெட்டியெடுக்கும் வரியின் குறிப்புரை, 0 உள்ளடங்கும் என்றும் 2 அடங்காது என்றும் பிறைக்குறிகளுக்குள் தெளிவுபடுத்துகிறது. ஃபிபனாச்சிப் பகுதியில் நெடுங்காலம் நீடித்த ‘வரை’ மயக்கத்தை இதே நூல் இங்கு எளிதாகத் தவிர்த்துள்ளது. சுருங்கச் சொல்லலும் விளங்க வைத்தலும் ஒருங்கே அமைந்த இடம் இது.

ஆங்கிலச் சரத்திற்கு இக்குறிப்புரைகள் யாவும் உண்மை. ‘தமிழ்’ என்னும் சரத்தை அவ்விடத்தில் வைத்தால் நிலைமை மாறுகிறது. தமிழ் இலக்கணப்படி அச்சொல்லில் த, மி, ழ் என மூன்று எழுத்துகள் உள்ளன. ஒருங்குறியிலோ தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என ஐந்து குறியீடுகளாக அது பதிவாகிறது. பைத்தான் 3 எண்ணுவது இக்குறியீடுகளையே. எனவே சரத்தின் நீளம் 5 என வரும். சுட்டெண் 0 தகரத்தைத் தருவதால் குறிப்புரை மெய்யாகவே தோன்றும். சுட்டெண் 1 மிகரத்தைத் தராமல் மகரத்தைத் தரும். சுட்டெண் −1 ழகர மெய்யைத் தராமல் புள்ளியை மட்டும் தரும். 0 முதல் 2 வரை வெட்டினால் ‘தமி’ கிடைக்காது, ‘தம’ கிடைக்கும்.

ஆங்கிலக் குறிப்புரை ஆளும் சொல் எழுத்து, குறியீடு ஆகிய இரண்டையும் குறிக்கவல்லது. ஆதலின் ஆங்கிலத்தில் அக்குறிப்புரையைப் பிழை என முழுமையாகச் சொல்ல இயலாது. தமிழில் அதனைக் ‘கடைசி எழுத்து’ எனப் பெயர்க்கும்போதுதான் பிழை பிறக்கிறது. உயிர்மெய் 216 ஐயும் தனித்தனி எழுத்துகளாகக் கொண்டு 247 எனத் தொகை கூறும் மரபில் வளர்ந்த மாணவருக்கு எழுத்து என்பது வரையறுக்கப்பட்ட கலைச்சொல். அவரிடம், −1 என்னும் சுட்டெண் கடைசி எழுத்தைத் தரும் எனக் கூறிவிட்டுப் புள்ளியைக் காட்டினால், பிழை கணினியில் உள்ளதா, தமிழில் உள்ளதா என்னும் தேவையற்ற ஐயமே விளையும். மொழிபெயர்ப்பில் நேர்ந்த வழூஉச்சொல், தமிழ் கணினிக்கு ஏலாத மொழி என்னும் தவறான எண்ணத்திற்கு வித்தாகவும் கூடும்.

எடுத்துக்காட்டு பிழையை மறைக்கும் முறை

மூன்று சான்றுகளையும் ஒருங்கே நோக்கினால் பொதுக்கூறு ஒன்று புலப்படுகிறது. 17 நேர் எண் ஆதலால் பின்னநீக்கமும் கீழ்முழுஎண்ணும் வேறுபடவில்லை. 2000 ஃபிபனாச்சி எண் அன்மையின் உள்ளடக்கலும் விலக்கலும் வேறுபடவில்லை. உரோமன் எழுத்துச் சரத்தில் எழுத்தும் குறியீடும் வேறுபடவில்லை. குறிப்புரையின் சொல்லும் மொழியின் விதியும் எங்குப் பிரியுமோ அங்கு எடுத்துக்காட்டு செல்லவேயில்லை. இதனால் பிழை, படிப்பவர் கண்ணுக்கும் எழுதியவர் கண்ணுக்கும் ஒருங்கே மறைகிறது.

இயந்திரச் சோதனையும் இதில் உதவுவதில்லை. 2001 இல் வெளிவந்த பைத்தான் 2.1 முதல், ஆவணங்களிலுள்ள எடுத்துக்காட்டுகளைத் தானே இயக்கிப் பார்த்து, அச்சிட்ட விடையோடு ஒப்பிடும் ‘டாக்டெஸ்ட்’ என்னும் கருவி மொழியுடன் வழங்கப்படுகிறது. 17 ஐ 3 ஆல் வகுத்து விடை 5 என அச்சிட்டிருந்தால் அதனை அக்கருவி சரிபார்க்கும். அருகிலுள்ள குறிப்புரை எதைச் சொன்னாலும் கருவிக்கு ஒன்றே. மேற்கண்ட குறிப்புரைகள் அனைத்தும் அச்சோதனையில் தேறக்கூடியன. எடுத்துக்காட்டுகள் இயந்திரத்தால் சரிபார்க்கப்பட்டவை என்னும் நம்பிக்கை, சரிபார்க்கப்படாத குறிப்புரைக்கும் தன்னையறியாமல் நீட்டிக்கப்படுகிறது.

நன்னூல் நூலழகுகளுள் இறுதியாக வைத்த விளங்குதாரணத்ததாதல் இவ்விடத்தில் புதிய பொருளாழம் பெறுகிறது. விதியோடு ஒத்துப்போகும் உதாரணம் எல்லாம் விளங்கு உதாரணம் ஆகிவிடாது. தவறான புரிதலோடும் அது ஒத்துப்போகுமானால் அதனால் விளங்குவது எதுவுமில்லை. சரியான புரிதலையும் தவறான புரிதலையும் பிரித்துக் காட்டுவதே விளங்கு உதாரணம். ஒரு சொல்லைப் பெய்தமையால் எது கொள்ளப்பட்டது, எது விலக்கப்பட்டது என்பதைத் தனித்தனியே காட்டிச் செல்லும் இலக்கண உரையாசிரியர்களின் வழக்கமும் இந்நோக்கம் உடையதே.

எதிர்வாதமும் மதிப்பீடும்

பயிற்சிநூல் இலக்கணநூல் அன்று. தொடக்க நிலையினர்க்கு முழு உண்மையும் சொல்ல வேண்டியதில்லை. சில சொற்களில் அடங்க வேண்டிய குறிப்புரையில் விதிவிலக்குகளை அடுக்கினால் அது ‘மிகைபடக் கூறல்’ ஆகும் என்னும் வாதம் ஈண்டு எழலாம். இவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. கீழ்முழுஎண்ணாக்கிய ஈவு என்னும் தொடர், விடை என்னும் சொல்லைவிடத் தொடக்க நிலையினர்க்குக் கடினமானதே.

ஆயின் சுருக்கத்திற்கும் துல்லியத்திற்கும் எப்போதும் பகை இருப்பதாகக் கொள்ளல் தவறு. பின்னத்தை நீக்கும் என்பதற்குப் பதில் கீழுள்ள முழுஎண்ணாக்கும் என எழுதினால் நீளம் கூடவில்லை. ‘வரை’ என்பதைச் ‘சிறியன’ என மாற்றியபோதும் கூடவில்லை. விடை என்னும் சொல்லுக்குத் தமிழில் ‘ஈவு’ எனப் பெய்தாலே பெரும்பாலான மயக்கம் நீங்கும். தொடக்கப்பள்ளி மாணவரும் அறிந்த சொல் அது. முழு உண்மையைச் சொல்லாமல் விடுதல் வேறு. உண்மையல்லாததைச் சொல்லுதல் வேறு. முன்னது கற்பித்தல் உத்தி; பின்னது பின்னர்க் கற்பதற்குத் தடை.

எல்லாக் குறைகளையும் குறிப்புரையிலேயே தீர்க்க வேண்டும் என்பதுமில்லை. சான்றுகளை நோக்கத் திருத்தம் மூவகைப்படுகிறது. சொல்லை மாற்றுதல் ஒன்று. எடுத்துக்காட்டை மாற்றுதல் மற்றொன்று. எதிர்க்காட்டு ஒன்றைச் சேர்த்தல் மூன்றாவது. வகுத்தற் பகுதிக்கு −17 ஐக் கொண்ட ஒரு வரியும், ஃபிபனாச்சிப் பகுதிக்கு 1597 என்னும் எல்லையும், தமிழாக்கத்தில் சரப் பகுதிக்குத் ‘தமிழ்’ என்னும் சரமும் போதுமானவை. குறிப்புரை நீளாமலேயே விதியின் எல்லை புலப்படும். முற்பட்ட பதிப்பின் 7, −3 வரிகள் ஏற்கெனவே இதனைச் செய்திருந்தன.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. பயிற்சிநூற் குறிப்புரை தன் வரியைப் பற்றிய செய்தியாக எழுதப்பட்டாலும் மொழியைப் பற்றிய விதியாகவே படிக்கப்படுகிறது. அதன் மெய்ம்மையை அவ்வரியைக் கொண்டு மட்டும் தீர்மானித்தல் போதாது.

2. ஆராய்ந்த குறிப்புரைகளின் குறைகள் பெரும்பாலும் குன்றக் கூறல், மயங்க வைத்தல், வழூஉச்சொற் புணர்த்தல் என்னும் மூவகையுள் அடங்குகின்றன. நிரலோடு நேரே முரண்படும் குறிப்புரை இப்பகுதிகளில் இல்லை. அதனாலேயே இக்குறைகள் எளிதில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

3. ஒவ்வொரு குறையையும் அதனை அடுத்த எடுத்துக்காட்டு மறைத்து நிற்கிறது. எனவே திருத்துவோர் கேட்க வேண்டிய முதல் வினா, இவ்விடத்தில் எந்த எடுத்துக்காட்டை வைத்தால் இக்குறிப்புரை பொய்யாகும் என்பதே.

4. ஈவு, எல்லை ஆகியவை பற்றிய இரு திருத்தங்களும் சொல்லளவில் சிறியனவாயினும் பொருளளவில் பயனுடையன. எதிர் எண்ணைக் கைவிட்ட மாற்றமோ எளிமையின் பெயரால் நேர்ந்த இழப்பு.

5. தமிழாக்கத்தில் குறிப்புரைகளைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தல் இயலாது. எழுத்து, தொடர், வரை போன்ற சொற்கள் தமிழில் தமக்கெனத் திட்டமான பொருளோ மயக்கமோ உடையன. மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு குறிப்புரையையும் தமிழ்ச் சரத்தையும் எதிர் எண்ணையும் கொண்டு இயக்கிப் பார்த்த பின்னரே அச்சேற்றுதல் வேண்டும்.

நிரல்வரியின் பிழையைக் கணினி அன்றே சுட்டிவிடும். குறிப்புரையின் பிழையைச் சுட்ட மனிதரைத் தவிர வேறு எவருமிலர். தமிழில் நிரல்மொழிகளைக் கற்பிக்கும் நூல்கள் பெருகவேண்டிய இக்காலத்தில், மூலத்தோடு உரையை ஒப்புநோக்கிப் பழகிய தமிழாய்வாளர்க்கு அப்பணியில் நேரடியான பங்கு உண்டு.